இமயத்துப் பனியும் நிலாவெளிக் கிணறும்: வாசகர் கேள்வி – பதில்

ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டிலிருந்து மார்ச் 21 பனியாறுகளுக்கான நாளாகவும் இருக்கிறது. இதைப் பற்றி நாம் வெளியிட்ட சிறு குறிப்பைப் படித்துத் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். மலையில் ஆண்டாண்டாகப் படிந்து இறுகி, தன் பாரத்தாலேயே மெல்லக் கீழே நகரும் பனிக்கட்டியைத்தான் பனியாறு என்கிறோம்.

தேசிக்காய்த் தண்ணீரில் போட்ட ஐஸ் கரைந்தாலும் கிளாசில் மட்டம் கூடுவதில்லை. அப்படியென்றால் பனி உருகிக் கடல் கூடுகிறது என்பது எப்படிச் சரியாகும்?
— ஒரு வாசகர், கிண்ணியா

நீங்கள் கவனித்தது சரி. மிதக்கிற ஐஸ் கரைந்தால் மட்டம் கூடாது. வடதுருவக் கடலில் மிதக்கும் பனி முழுவதும் கரைந்தாலும் கடல்மட்டம் கூடுவது மிகச் சிறிதளவே. கடலை உயர்த்துவது தரைமேல் இருந்து கடலுக்கு வந்து சேரும் பனி. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒரே அளவான இரண்டு ஜாம் போத்தல்களை எடுங்கள். முதலாவதில் ஆறேழு ஐஸ் துண்டுகளைப் போட்டு, அவை நன்றாக மிதக்கும் வரை தண்ணீர் விடுங்கள். மற்றதில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டக்கூடிய கருங்கல் ஒன்றை வைத்து, அதே எண்ணிக்கையான துண்டுகளைக் கல்லின் மேல் அடுக்குங்கள். இரண்டிலும் மட்டத்துக்கு நேராக வெளிப்பக்கம் ஒரு டேப் துண்டை ஒட்டிப் பேனையால் கோடு போடுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் கரைந்துவிடும். முதலாவதில் கோடு அப்படியே நிற்கும், இரண்டாவதில் தண்ணீர் கோட்டைத் தாண்டும்.

பிழைப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஐஸ் அடியில் முட்டிக்கொண்டு நின்றால் அது மிதப்பதாகாது, ஆகவே முதலாவதிலும் மட்டம் கூடும். கருங்கல்லுக்குப் பதில் செங்கல் வைத்தால் அது தண்ணீரைக் குடித்துவிடும். போத்தலின் வெளிப்புறம் வியர்த்துக் கோடு மறைவதும் உண்டு, துடைத்துவிட்டுப் பாருங்கள். முதலாவது போத்தலில் கடல்தண்ணீரை விட்டால் மட்டம் மயிரிழை கூடும். கரைந்த நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால், கரைந்த அளவில் நூற்றுக்கு இரண்டரைப் பங்களவு அதிகமாக இடம் பிடிக்கும்.

அந்தாட்டிக்கா ஓரங்களில் மிதக்கும் பனித்தட்டுகளை இதே கணக்கில் தள்ளிவிட முடியாது. அவை கதவுக்குக் கொடுத்த முட்டுக்கட்டை போலப் பின்னால் தரையிலுள்ள பனியைத் தடுத்து வைத்திருக்கின்றன. முட்டு உடைந்தால் பின்னாலுள்ளது வேகமாகக் கடலுக்குள் இறங்கும்.

அளவையும் சொல்லிவிடுவோம். 2000 முதல் 2023 வரை உலகின் மலைப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி தொன் பனியை இழந்தன. அதனால் மட்டும் கடல் 18 மில்லிமீற்றர் உயர்ந்தது. கிரீன்லாந்தையும் அந்தாட்டிக்காவையும் மூடிய பனி இதில் சேராது. வெப்பத்தால் கடல்நீர் விரிவதும் வேறு கணக்கு. எல்லாம் சேர்ந்து 1993இலிருந்து உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது.

இது எல்லாக் கரைக்கும் சமமாகப் பங்கிடப்படுவதுமில்லை. கிரீன்லாந்தின் பெரும் பனிப்பாரம் தன்னைச் சுற்றியுள்ள கடலை ஈர்த்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்த ஈர்ப்பும் குறைந்து, அங்கே கடல் தாழ்கிறது, தொலைவில் உயர்கிறது. கிரீன்லாந்துப் பனிக்கும் அந்தாட்டிக்கப் பனிக்கும் வெகுதொலைவில் வெப்பவலயத்தில் இருக்கும் நமக்கு, இரண்டு பக்கத்திலிருந்தும் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலான பங்கு வந்து சேர்கிறது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சில வருடமாகக் கச்சான் காலத்தில் உவர்க்கிறது. வெங்காயத்துக்கு இறைத்தால் நுனி கருகுகிறது. பனி உருகிக் கடல் கூடியதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?
— ஒரு தோட்டக்காரர், நிலாவெளி

பாதி உண்மை, ஐயா. முதற்காரணம் பெரும்பாலும் இறைப்புத்தான். கடல் உயர்வது அந்தக் கேட்டுக்கு இடத்தைச் சுருக்கிக் கொடுக்கிறது.

நிலாவெளி, குச்சவெளி மணற்கரையில் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீற்றர் உயரமாக நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அரை மீற்றர்தான் உயரம் என்றால் 20 மீற்றர். இப்போது தலைகீழாகப் பாருங்கள். நீங்கள் இறைத்து மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலே ஏறிவரும். கடல் 10 சென்ரிமீற்றர் உயர்ந்து, நன்னீர் மட்டம் அதனுடன் சேர்ந்து உயர வழியில்லாமல் போனாலும் இதே விளைவுதான். கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாகக் குவிந்து எழும்புவதால், பக்கத்துக் காணியில் நல்ல தண்ணீர் இருக்க உங்கள் கிணறு மட்டும் உவர்ப்பதும் நடக்கும்.

செய்யக்கூடியவை பல உண்டு. கிணற்றை இன்னும் ஆழமாக்காதீர்கள், உவர் கண்டவுடன் எல்லோரும் செய்வது அதைத்தான், அது உப்பை நோக்கித் தோண்டுவதாகும். மோட்டரின் உறிஞ்சுகுழாய் வாயைக் கிணற்றடியில் விடாமல் தண்ணீர் மட்டத்திலிருந்து 30 – 50 சென்ரிமீற்றர் கீழே ஒரு மிதவையில் கட்டித் தொங்கவிடுங்கள். மேலாக நிற்பதுதான் நல்ல தண்ணீர். மோட்டர் காற்றிழுக்காதபடி வாய் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கவேண்டும். ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் இறைப்பதைவிட, அரை மணித்தியாலம் இறைத்து ஊறவிட்டு மறுபடி இறைப்பது நல்லது. பெரிய குதிரைவலு மோட்டரைச் சிறியதாக்குவது அதைவிட நல்லது. காணி பெரிதென்றால் ஒரே கிணற்றில் ஊறுவதை எல்லாம் இறைக்காமல், தள்ளித்தள்ளி இரண்டு ஆழமற்ற கிணறுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாரித் தண்ணீரை நிலத்துக்குள் இறக்குவது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 900 லீற்றருக்கு மேல் வரும். சிந்துவது, ஆவியாவது போக 700 லீற்றருக்குக் குறையாமல் பிடிக்கலாம். பீலியிலிருந்து வரும் முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மிகுதியைச் சல்லியும் மணலும் போட்ட குழிக்குள் விடுங்கள். குழி கிணற்றுக்கு அண்மையில் இருக்கலாம், மலசலகூடக் குழிக்கு அண்மையில் இருக்கவே கூடாது. பதினைந்து மீற்றராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் உப்பைப் போக்கப்போய்க் கிருமியைக் கிணற்றுக்குள் கொண்டுவந்துவிடுவீர்கள்.

நாக்கை நம்பவேண்டாம். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் உவர் வாயில் தெரியும், வெங்காயம் அதற்கு முன்னரே வருந்தும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும், பேனை அளவான மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்றைச் சிலர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். வெங்காயத்துக்கு 800 மைக்ரோசீமன்ஸ் வரை சேதமில்லை. 1,800இல் விளைச்சலில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடும். மாரி தொடங்குமுன் செப்டெம்பரில் ஒரு தடவையும், மாரி முடிந்து பெப்ரவரியில் ஒரு தடவையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். பெப்ரவரி அளவு ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனால் மழையால் கழுவ முடியாத நிலைக்குக் கிணறு வந்துவிட்டது என்று பொருள். அப்போது கிராமமாகச் சேர்ந்து இறைப்பைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

2004இல் வந்த கடல் பனி உருகியதாலா?
— பெயர் குறிப்பிடாத வாசகி, மூதூர்

இல்லை அம்மா. அது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் வந்தது. பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பனி உருகிக் கடல் உயர்வது ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர், அதற்காக யாரும் ஓடவேண்டியதில்லை.

கோணேசர் கோயிலைத் தட்சிண கைலாயம் என்கிறோம். வடகைலாயப் பனி உருகிவிட்டால் கங்கையும் வற்றிவிடுமா? வீட்டில் செப்புச் செம்பில் கங்கை நீர் வைத்திருக்கும் எங்களுக்கு இது மனதை உறுத்துகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகர்

கங்கை வற்றிவிடாது. ஆனால் அதன் நீரோட்டம் மாறும்.

கைலாய மலை 6,638 மீற்றர் உயரம். சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரா, கர்ணாலி ஆகிய நான்கும் அந்த வட்டாரத்திலிருந்தே புறப்படுகின்றன. கர்ணாலி நேபாளத்தின் வழியாக இறங்கிக் கங்கையோடு கலக்கிறது. ஆனால் நாம் கங்கையின் பிறப்பிடமாக வணங்கும் கோமுகம் இமயத்தின் இந்தப் பக்கம், உத்தரகாண்டில் இருக்கிறது. கங்கோத்திரிக் கோயிலிலிருந்து 18 கிலோமீற்றர் நடந்தால், ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமான கங்கோத்திரிப் பனியாற்றின் வாயை அடையலாம். அந்த வாய் 1930களிலிருந்து அளக்கப்பட்டு வருகிறது, பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது.

நம் மகாவலியை எடுத்துக்கொள்ளுங்கள். 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக்குடாவில் விழும் அந்த ஆற்றில் ஒரு துளிகூடப் பனிநீர் இல்லை, எல்லாமே மழை. காசிக்கு வந்துசேரும் கங்கையிலும் பெரும்பங்கு பருவமழையும் நிலத்தடி நீருந்தான். பனிநீரின் பங்கு மலைக்கு அண்மையில் பெரிது, கீழே வரவரச் சிறிது. ஆனால் அது வரும் காலம் முக்கியம். மழைக்கு முந்திய மே, ஜூன் மாதங்களில் வெயில் ஏற ஏறப் பனி உருகி ஆற்றுக்கு உயிர் கொடுக்கிறது. பனியாறு சுருங்கும்போது முதலில் சில பத்தாண்டுகள் தண்ணீர் கூடும். அதைப் பார்த்து மலைநாட்டு மக்கள் பயிரைப் பெருக்கிவிடுவார்கள். பிறகு உருகப் பனி போதாமல் கோடைநீர் குறையத் தொடங்கும், அப்போது பெருக்கியதைச் சுருக்குவது மிகக் கடினம். சிந்து ஆற்றுக்குப் பனியும் பனியாறும் தரும் பங்கு கங்கையைவிட மிகப் பெரிது, அதனால் பாகிஸ்தான் உழவர்களுக்கு இது கங்கைக்கரையாருக்கு இருப்பதைவிட நெருக்கமான ஆபத்து.

யாத்திரை போக எண்ணுவோர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். 2013 ஜூனில் கேதார்நாத்தில் பலரைக் கொண்டுபோன வெள்ளத்துக்குக் கடும்மழையோடு, மேலே சோராபாரிப் பனியாற்றடியில் கல்லும் மண்ணும் அணைகட்டி நின்ற ஏரி உடைந்ததும் காரணம். பனி பின்வாங்கும் இடங்களிலெல்லாம் இப்படி ஏரிகள் உண்டாகின்றன. ஜூலை, ஆகஸ்ட் மழைமாதங்களைத் தவிர்த்துவிடுங்கள், ஆற்றோர விடுதியில் இரவு தங்காதீர்கள்.

ஐஸ்லாந்தில் பனியாறு ஒன்றுக்குச் செத்தவீடு செய்தார்களாம். இதெல்லாம் விளம்பரந்தானே?
— ஒரு வாசகர், தம்பலகாமம்

நாம் அப்படி நினைக்கவில்லை. ஓக்யோகுல் என்ற அந்தப் பனியாறு தன் பாரத்தால் நகரமுடியாத அளவுக்கு மெலிந்துவிட்டதால், ஒட்டூர் சிகூர்ட்சன் என்ற பனியியலாளர் 2014இல் அது இனிப் பனியாறு அல்ல என்று அறிவித்தார். பனி நகர வேண்டுமென்றால் ஏறக்குறைய 40 – 50 மீற்றர் தடிப்பு வேண்டும். நகராவிட்டால் அது வெறும் பனிக்கட்டிக் கிடங்கு. 2019 ஆகஸ்ட் 18இல் மலையேறிப் போய் அங்கே ஒரு செப்புப் பலகை பதித்தார்கள். அதில் அந்த மாதத்தையும், காற்றிலிருந்த காபனீரொட்சைட்டின் அளவான பத்து இலட்சத்துக்கு 415 பங்கு என்பதையும் பொறித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சுவிட்சர்லாந்தின் பிட்சோல் பனியாற்றுக்கும் கறுப்புடை அணிந்தவர்கள் மலையேறிப் போய் இறுதி மரியாதை செய்தார்கள்.

பெருவில் நடந்திருப்பது இதைவிட ஆழமானது. கூஸ்கோ மலைநாட்டில் சினகாரா பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் கொய்யூர் ரித்தி என்ற பெருவிழா நடக்கிறது. கரடிவேடம் பூண்ட உக்குக்கு என்போர் இரவில் பனியாற்றில் ஏறி, விடியும்போது பனிக்கட்டிகளை வெட்டி முதுகில் சுமந்து இறங்குவார்கள். அந்தப் பனி கரைந்த தண்ணீரை மருந்தென்று ஊருக்குக் கொண்டுபோவார்கள். பனி ஒதுங்கிக்கொண்டே போவதைக் கண்ட அவர்களே வெட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். விழா இன்றும் நடக்கிறது, அதன் நடுவிலிருந்த பிரசாதம் இல்லை. தீர்த்தம் இல்லாமல் தீர்த்தோற்சவம் நடத்தச் சொன்னால் நமக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். இழப்பைக் கன மீற்றரில் மட்டும் எழுதி முடித்துவிட முடியாது.

பனியாற்றைச் செயற்கையாகச் செய்ய முடியுமா? லடாக்கில் செய்வதாக வாசித்தேன்.
— ஒரு வாசகி, உப்புவெளி

பனியாற்றைச் செய்ய முடியாது, ஒரு பருவத்துக்கான பனிச்சேமிப்பைச் செய்யலாம். லடாக்கில் செவாங் நோர்பல் என்ற பொறியியலாளர் 1987 முதல் ஓடைநீரை நிழலான சரிவுகளில் தேக்கி உறையவைத்தார். அவை படுக்கையாகப் பரந்திருந்ததால் வெயிலில் சீக்கிரம் கரைந்தன, மிக உயரத்தில்தான் செய்யமுடிந்தது. சோனம் வாங்சுக் 2013 – 14 குளிர்காலத்தில் அதையே நிமிர்த்திக் கூம்பாக்கினார். ஒரே அளவு பனியில் வெயில் படும் பரப்புக் கூம்புக்குக் குறைவு.

வேலை இப்படித்தான். ஓடையின் மேற்பகுதியிலிருந்து குழாயைப் பதித்துக் கீழே ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். உயர வேறுபாட்டின் அழுத்தத்தாலேயே நீர் மேலே எழும்பும், மோட்டர் தேவையில்லை. ஊரில் செங்குத்தாக நிறுத்திய குழாயின் நுனியில் நீர் தூவாணமாகச் சிதறி, கடுங்குளிர் இரவில் கீழே விழும்போதே உறைகிறது. முட்கிளைகளை அடியில் அடுக்குவது பனி பற்றிக்கொள்ள. பனி உயர உயரக் குழாயையும் நீட்டிக்கொண்டு போகவேண்டும். கெடுவது பெரும்பாலும் குழாயில்: நீரோட்டம் தளர்ந்தால் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாயை ஆழமாகப் புதைக்கவேண்டும், நிறுத்தும்போது நீரை முழுதாக வடித்துவிடவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில், விதைப்புக்குத் தண்ணீர் வேண்டிய அந்த நேரத்தில், கூம்பு கரைந்து வாய்க்காலுக்கு வருகிறது.

சுவிட்சர்லாந்தில் ரோன் பனியாற்றின் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். மூடிய இடத்தில் உருகுவது பாதிக்கு மேல் குறைகிறது. இமயம் முழுவதையும் மூடத் துணி இல்லை. இவை எல்லாம் சில ஊர்களுக்குச் சில ஆண்டுகள் வாங்கிக் கொடுக்கும் முயற்சிகள். வெப்பத்தைக் குறைக்காமல் பனியாறு நிற்காது.

நான் உயர்தரம் படிக்கிறேன். பனியாறு உருகுவதை எப்படி அளக்கிறார்கள்? அதோடு தொடர்பாக இங்கே எங்களால் அளக்கக்கூடியது ஏதும் உண்டா?
— மாணவி, திருகோணமலை

பனியாற்றில் அளப்பது எளிய கருவியால்தான், தங்கச்சி. உருகும் பகுதியில் துளையிட்டு மூங்கிற்கழியையோ அலுமினியக் கழியையோ பல மீற்றர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். கோடை முடிவில் வந்து எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்க்கிறார்கள். 1.2 மீற்றர் கூடுதலாக வெளியே தெரிந்தால், பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் பத்தில் ஒன்பது பங்கு என்பதால், 1.08 மீற்றர் நீர் இழப்பு. கறுப்புக் கழி வெயிலை உறிஞ்சித் தன்னைச் சுற்றிப் பனியைக் கரைத்து அளவைக் கெடுக்கும். முழு மலைத்தொடருக்கும் செய்மதி வேண்டும். 2002இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகள் தமக்கிடையிலான தூரம் மாறுவதைக் கொண்டு கீழேயுள்ள பனியின் நிறை மாற்றத்தைக் கணித்தன.

இங்கே நீங்கள் கடற்கரையின் சாய்வை அளக்கலாம். கடல் 1 சென்ரிமீற்றர் உயர்ந்தால், ஐம்பதுக்கு ஒன்று சாய்வான மணலில் நீர்க்கோடு அரை மீற்றர் உள்ளே வரும். நம் கரையில் ஏற்றவற்று வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் சின்ன உயர்வும் தெரியும்.

1.5 மீற்றர் நீளமான இரண்டு கம்புகள், உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சென்ரிமீற்றர் குறித்தவை, நடுவே 2 மீற்றர் கயிறு. நகராத ஓர் அடையாளத்திலிருந்து, ஒரு மதிற்சுவரின் மூலை என்றால் நல்லது, தொடங்குங்கள். ஒருவர் கரைப்பக்கக் கம்போடும் மற்றவர் கடற்பக்கக் கம்போடும் நிற்கவேண்டும். கரைப்பக்கத்தவர் கண்ணைத் தாழ்த்தி, எதிர்க்கம்பின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் தெரியும்படி பார்த்து, அந்தக் கோடு தன் கம்பில் எங்கே வெட்டுகிறது என்று வாசிக்கவேண்டும். 14 என்று வந்தால் 2 மீற்றர் தூரத்துக்குள் மணல் 14 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. பிறகு கரைக்கம்பை எடுத்துக் கடற்கம்பு நின்ற இடத்தில் வைத்து நீர்விளிம்பு வரை தொடருங்கள்.

ஈரமணலில் கம்பு புதையும், அடியில் பலகைத் துண்டு ஒன்றை அடித்துக்கொள்ளுங்கள். கயிறு தொய்ந்தால் தூரம் பிழைக்கும். காலையில் சூரியன் கடற்பக்கம் நிற்பதால் அடிவானம் கூசும், பின்னேரம் போங்கள். உட்துறைமுகத்தில் எதிர்க்கரை தெரிவதால் இந்த முறை சரிவராது, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் செய்யவேண்டும்.

வாடைக்காற்றுக் காலத்தில் அலை மணலை அள்ளிப்போகும், கடல் அடங்கிய மாதங்களில் திரும்பக் கொண்டுவரும். ஆகவே டிசம்பர் அளவை ஜூலை அளவோடு ஒப்பிட்டுக் கரை போகிறது, வருகிறது என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில், வற்றுநேரத்தில் அளந்து, திகதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் பாடசாலையில் அடுத்து வரும் வகுப்பிடம் கம்பையும் கொப்பியையும் ஒப்படையுங்கள், பத்து ஆண்டுகள் சேர்ந்தால்தான் அந்த எண்கள் கரையைப் பற்றி எதையாவது சொல்லும்.